தெருவைக் காலம் பறிக்கவில்லை

போன வருடம் ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரில், மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டவர்களிடம் கிளிஃப்டன் தொங்கு பாலத்தைப் பற்றிச் சொன்னேன். ஆனால் என் மனதில் நின்றது பாலம் அல்ல. மகள் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பார்த்த காட்சி. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அன்று இரண்டு மணிக்குத் தெருவின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்து, சாலை மூடப்பட்டிருக்கிறது என்று பலகை மாட்டினார்கள். ஏதோ குழாய் உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். மகள் சிரித்தாள். "பிள்ளைங்க விளையாடறதுக்குப்பா. மாசம் ஒரு தடவை." தெருவாசிகளே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு முனையில் நின்றார்கள். அந்தத் தெருக்காரர் யாராவது காரில் வந்தால், முன்னால் ஒருவர் நடந்து போக, கார் அவர் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டும். கல்யாண ஊர்வலம் போலத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சாக்பீஸ் துண்டோடு வந்தார். வயது எண்பத்தொன்று. மெதுவாக மண்டியிட்டு, தார் ரோட்டில் கட்டம் போட்டு, எண்கள் எழுதினார். பார்த்தால் நம் பாண்டியாட்டம்! என் ஏழு வயதுப் பேரனைக் கூப்பிட்டு ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லிக்கொடுத்தார். டேப்லெட்டை விட்டு எழுந்திருக்காத பையன் அன்று ஐந்து மணி வரை வீட்டுக்குள் வரவில்லை.

அதற்குப் பிறகு நானும் பெரியவரும் தினமும் பேச ஆரம்பித்தோம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் ஆங்கிலேயர் வந்தாலே ஏதாவது ஒரு கோட்டையைப் பிடுங்க வருவார்கள், இல்லாவிட்டால் ழான் தார்க்கை எரிக்க வருவார்கள். ஆங்கிலத்தை நான் ஒழுங்காகக் கற்றது எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஃபைல் எழுதி எழுதி. என் ஆங்கிலத்தில் இன்றும் ஃபைல் வாடை அடிக்கும். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கேட்க ஆள் கிடைத்தால் போதும் என்ற வயது எங்கள் இருவருக்கும்.

அவர் வளர்ந்தது பெட்மின்ஸ்டர் என்ற பகுதியில். வாசல் கதவைத் திறந்தால் நேரே தெரு; நடுவில் திண்ணையும் கிடையாது, தோட்டமும் கிடையாது. கக்கூஸ் பின்கட்டில், வெளியே. அம்மாவுக்கு வில்ஸ் சிகரெட் ஃபேக்டரியில் வேலை. அந்த வட்டாரமே புகையிலை வாசனை அடிக்குமாம். நிலக்கரி மூட்டை கொண்டுவருபவர், பால்காரர், பழைய துணி வாங்கிக்கொண்டு பதிலுக்கு பலூன் தருபவர் என்று வந்த வண்டிகளில் பாதி குதிரை வண்டி. குதிரை போனதும் சாணியை அள்ள வாளியோடு ஓடுவது பிள்ளைகளின் வேலை, ரோஜாச் செடிக்கு எருவாகும் என்பதற்காக.

மற்ற நேரமெல்லாம் தெரு அவர்களுடையது. சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டால் அதுதான் ஸ்டம்ப். விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டினால் ஊஞ்சல். இலையுதிர் காலத்தில் 'கான்கர்' என்று ஓர் ஆட்டம்: மரத்திலிருந்து விழும் கொட்டையில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, ஒருவன் கொட்டையை இன்னொருவன் அடித்து உடைக்க வேண்டும். போரில் குண்டு விழுந்து இடிந்த மனைகள் இன்னும் கட்டப்படாமல் கிடந்தன. பெற்றோர் போகாதே என்பார்கள். பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். 1953 பிப்ரவரியில் மிட்டாய்க்கு ரேஷன் நீங்கிய அன்று, கையில் இருந்த காசு தீரும் வரை வாங்கித் தின்று வயிற்றுவலி வந்ததை, எழுபது வருடம் கழித்தும் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்த ஜூனில் ராணிக்கு முடிசூட்டு விழா. தெருவில் நீள மேஜை போட்டு விருந்து, மழை வந்துவிட்டது.

கோடை விடுமுறைக்குப் பாட்டி வீடு. பிரிஸ்டலுக்குத் தெற்கே ச்சூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். பென்ஸ்ஃபோர்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து நடப்பார்களாம். பசு, ஆப்பிள் தோட்டம், வேலி ஓரத்தில் கருப்பு நிற முட்செடிப் பழம் என்று அவர் சொல்லும்போது கண் வேறெங்கோ போய்விடும்.

அந்த வயல்களில் பெரும்பகுதி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. பிரிஸ்டலுக்குக் குடிநீர் வேண்டும் என்று அங்கே ஏரி வெட்டினார்கள். மோர்ட்டன் என்ற குக்கிராமமே மூழ்கியது. பண்ணை வீடுகளை இடித்ததையும் பெரிய மரங்களை வெட்டிச் சாய்த்ததையும் பத்து வயதுப் பையனாக இவர் நின்று பார்த்திருக்கிறார். 1956-ல் ராணியே வந்து ஏரியைத் திறந்துவைத்தார். 1959-ல் அந்தப் பாதையில் பயணிகள் ரயிலும் நின்றது. பென்ஸ்ஃபோர்டில் 16 வளைவுகளோடு பெரிய ரயில் பாலம் மட்டும் இன்னும் நிற்கிறது, மேலே ரயில் இல்லாமல். மகள் எங்கள் இருவரையும் காரில் அழைத்துப்போய்க் காட்டினாள். ஏரிக்கரையில் நின்று பெரியவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "காலம் மாறிவிட்டது, என்ன செய்வது."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு. நாமும் தினமும் இதையே சொல்கிறோம். ஆனால் முப்பத்தேழு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலம் எந்த ஃபைலிலும் கையெழுத்துப் போடாது. வயல் மூழ்கியதற்கு ஓர் ஆணை உண்டு. ரயில் நின்றதற்கு ஒரு தேதி உண்டு. ஏரி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அதற்கு விலை கொடுத்தார்கள். கொடுத்தது யார் என்று தெரிய வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

தெருவும் அப்படித்தான் போனது. 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஏறக்குறைய ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. 1970 வாக்கில் பாதி வீடுகளில் வந்துவிட்டது. வந்த கார்கள் நிற்கவும் ஓடவும் இடம் வேண்டும். பிள்ளைகள் ஆடிய இடம் அதற்குப் போனது. மேயர் ஹில்மன் என்பவரும் நண்பர்களும் செய்த ஓர் ஆய்வு அங்கே பிரபலம். 1971-ல் இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். பத்தொன்பது வருடம்தான்! சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அரசாங்கம் பெருமைப்பட்டபோது, சாலை பத்திரமானதால் அல்ல, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதால் குறைந்தது என்று இவர்கள் பதில் சொன்னார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தெருவைப் பிள்ளைகளுக்காகக் குறிப்பிட்ட நேரம் வண்டிகளுக்கு மூடலாம் என்று அந்த நாட்டில் 1938-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான 'விளையாட்டுத் தெருக்கள்' இருந்தன. பிறகு கார்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றாக மறைந்தன. ஆக, பெரியவரின் தெரு தானாகக் கிடைத்த சொர்க்கமும் அல்ல, தானாகத் தொலைந்ததும் அல்ல.

சொர்க்கம் என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பாதிப் பொய்யாகிவிடும். ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "உங்கள் தெருவில் என் பேரன் நிறத்தில் ஒரு பையன் இருந்தால் ஆட்டத்தில் சேர்த்திருப்பீர்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே 1963-ஐச் சொன்னார். அந்த நகரின் பஸ் கம்பெனி, கறுப்பரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுப்பதில்லை என்று வைத்திருந்தது. பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞரும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராடினார்கள். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28-ல் கம்பெனி இறங்கி வந்தது. அடுத்த மாதம் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் வெள்ளையரல்லாத முதல் நடத்துநரானார்.

"எனக்கு அப்போது இருபது வயது. அந்த நான்கு மாதமும் நான் பஸ்ஸில்தான் போனேன்" என்றார் பெரியவர். வேறு சமாதானம் ஏதும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான். 'அந்தக் காலம்' நல்ல காலம் என்று சொல்பவர், யாருக்கு நல்ல காலம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் அவ்வளவு சொன்ன பிறகு நான் மட்டும் மறைப்பது நியாயமில்லை. 1980-களில், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு ஃபைல் வந்தது. ஒரு தெருமுனையில் அகலமான காலி இடம். சாயந்திரம் பையன்கள் பந்து விளையாடுவார்கள். அதை வண்டிகள் நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று கோரிக்கை. நான்தான் நோட் போட்டேன். கடைசி வரி நன்றாக ஞாபகம் இருக்கிறது: 'ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை.' விதிப்படி சரியான வரி. பத்து வயதுப் பையன்கள் ஆட்சேபணை மனு எழுதுவதில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, "காலம் மாறிப்போச்சு" என்று கூட வந்தவரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் பிரிஸ்டலில் அந்தத் தடுப்புப் பலகை என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. 2009-ல் அந்த நகரில் இரண்டு தாய்மார் தங்கள் தெருவைச் சில மணி நேரம் மூடிப் பிள்ளைகளை விளையாட விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மற்றத் தெருக்காரர்களும் கேட்க, நகராட்சி அதற்கென்று ஓர் அனுமதி முறையையே கொண்டுவந்தது. மகளிடம் கேட்டு அந்த விண்ணப்பப் படிவத்தை வரி விடாமல் படித்தேன். பழைய புத்தி! எல்லாப் படிவத்தையும் போலத்தான் அதுவும்: தெரு பெயர், நேரம், பொறுப்பாளர். ஆணையால் போனதை ஆணையால் திரும்ப வாங்கலாம் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மாதத்தில் மூன்று மணி நேரம்தானே என்று கேட்கலாம். என் பேரன் எட்டு வீட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கற்றுக்கொண்டது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இப்போது தாங்கள் வளர்ந்த தெருவைப் பற்றி எழுதுகிறோம். நல்ல காரியம். கோலியையும் பம்பரத்தையும் எழுதுங்கள். கூடவே அந்த இடம் எந்த வருடம், எதற்காக, யார் கேட்டுப் போனது, அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் ஞாபகம் இருக்கும் வரை எழுதிவையுங்கள். திரும்பக் கேட்க நினைக்கும் ஒருவருக்கு, அந்தத் தேதி நம் ஏக்கத்தைவிட உபயோகப்படும்.

பெரியவருக்குப் போன மாதம் போன் செய்தேன். முழங்கால் வலியாம், கட்டம் போடக் குனிய முடியவில்லையாம். இப்போது என் பேரன்தான் போடுகிறானாம்.