சாயம் பூசும் முன் சோபாவைத் திருப்பிப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது பல வீடுகளில் எல்லார் கண்ணும் வரவேற்பறை சோபாவின் மேல் விழும். கைப்பிடி வெளுத்திருக்கும், உட்காரும் இடத்தில் நிறம் தேய்ந்திருக்கும். அப்பா புதிது வாங்கலாம் என்பார். அம்மா, இணையத்தில் விற்கும் சாயத்தை வாங்கிப் பூசலாம் என்பார். மாணவர்களே, இங்கே நீங்கள் குறுக்கிடலாம். விலையைப் பேசுவதற்கு முன், அந்தச் சோபா எந்தப் பொருளால் ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மெத்தை உறையில் ஸிப் இருந்தால் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். விலங்குத் தோலின் பின்பக்கம் நார் நாராக, மெல்லிய ரோமம் போல் இருக்கும். நெய்த துணி தெரிந்தால், அது பெரும்பாலும் துணியின் மேல் பாலியூரித்தேன் அல்லது பிவிசி பூசிய செயற்கைத் தோல். சில சோபாக்களில் உட்காரும் பகுதி மட்டும் அசல் தோலாகவும் முதுகுப்புறம் செயற்கையாகவும் இருக்கும். ஆகவே இரண்டையும் பாருங்கள்.

ஒரு சொட்டு நீர் விட்டு, உறிஞ்சினால் அசல், உறிஞ்சாவிட்டால் போலி என்று சிலர் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். நிறமிப் பூச்சு உள்ள அசல் தோலும் நீரை எளிதில் உறிஞ்சாது. மேலே பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அந்தச் சொட்டு காட்டும். தீ வைத்துப் பார்ப்பது இன்னும் மோசம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வெளியேறும்.

செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிவதற்கு நம் ஊர்க் காற்றின் ஈரமும் ஒரு காரணம். பாலியூரித்தேனின் ஒரு வகையில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. நீராவி அவற்றை மெல்ல மெல்ல உடைக்கிறது. இதுதான் நீராற்பகுப்பு. உடையும்போது உண்டாகும் அமிலம் அந்த வினையை மேலும் விரைவுபடுத்துகிறது. படிவம் ஐந்தில் பாலிமர் பாடம் வரும்போது இந்தச் சோபாவை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தளமே உதிரும்போது மேலே பூசும் சாயமும் அதோடு சேர்ந்து உதிரும். இதற்குச் செலவிடும் ரிங்கிட் வீண். 'பியு லெதர்' என்று எழுதி விற்காமல் 'செயற்கைத் தோல்' என்று கடைகள் தெளிவாக எழுதினால் பல குடும்பங்களின் பணம் மிஞ்சும்.

அசல் தோலின் கதை வேறு. அதில் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். குரோமிய உப்போ மரப்பட்டையின் டானினோ அந்த நார்களைப் பிணைத்து, அழுகாமல் காக்கிறது. பால் சேர்க்காத கடுந்தேநீர் குடித்தால் நாக்கு வறளுகிறதே, அங்கும் டானின் எச்சில் புரதத்தைப் பிணைக்கிறது. சோபாவில் பெரும்பாலும் தேய்ந்துபோவது தோல் அல்ல, அதன் மேலிருந்த மெல்லிய நிறமிப் படலம். அதைத் திரும்பப் போட முடியும். மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நுண்ணிய மணல்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பிறகு, தோலுக்கென்றே செய்த நீர் சார்ந்த நிறமியைப் பஞ்சால் மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் நிறமற்ற காப்புப் பூச்சு. ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரோடு செய்யுங்கள். காலணி பாலிஷ் மட்டும் வேண்டாம். அதன் மெழுகும் சாயமும் உங்கள் வெள்ளைப் பள்ளிச் சட்டையில்தான் ஒட்டும்.

'மழை, வெயில் எதையும் தாங்கும்' என்ற விளம்பரத்தை நான் ஏற்பதில்லை. காப்புப் பூச்சு சிந்திய மைலோவைத் துடைக்க நேரம் தரும், அவ்வளவுதான். தையல் துளை வழியே மழைநீர் இறங்கும், புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாளடைவில் சிக்கு வாடை வரும், தூசியும் ஒட்டும். வீட்டில் சோபாவைப் பால்கனியிலிருந்து உள்ளே நகர்த்துவது எந்தப் போத்தலையும்விடப் பயன் தரும்.

சாயம் வாங்கியாயிற்று என்றால், முதலில் சோபாவின் பின்புறக் கீழ்மூலையில் நாணய அளவு பூசி, மறுநாள் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மற்ற இடத்தில் கை வைக்காதீர்கள்.