பொய்ப்பல் காமெடி

'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' (1961) என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆட்ரி ஹெப்பர்னின் கறுப்பு உடைதான். அதே படத்தில் அவருக்கு மேல்மாடியில் யுனியோஷி என்று ஒரு ஜப்பானியர் குடியிருப்பார். துருத்திய பல், கொச்சை ஆங்கிலம், எப்போதும் கத்தல். படுக்கையிலிருந்து எழுந்தால்கூட விளக்கில் தலையை முட்டிக்கொள்வார். நடித்தவர் ஜப்பானியர் அல்ல. பொய்ப்பல் மாட்டிய மிக்கி ரூனி!

பழைய படங்களின் ரசிகர்கள் இதற்கு உடனே ஒரு சமாதானம் சொல்வார்கள்: "அந்தக் காலம் அப்படி. ஆசிய நடிகர்கள் எங்கே இருந்தார்கள்?"

இருந்தார்களே! 'சயோனரா' (1957) படத்துக்காக மியோஷி உமேகி சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் வாங்கினார். 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) படத்துக்காக செஸ்ஸூ ஹயகாவா ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த வேடத்தைத் தானே கிண்டல் செய்து, ஜெர்ரி லூயிஸின் 'தி கெய்ஷா பாய்' (1958) என்ற காமெடியிலும் நடித்தார். இன்னும் வேடிக்கை, யுனியோஷி வந்த அதே 1961-இல்தான் 'ஃப்ளவர் டிரம் சாங்' வந்தது. அதில் நடித்தவர்கள் பெரும்பாலும் ஆசிய வம்சாவளியினர். ஆக, 'சரக்கு இல்லை' என்ற கணக்கு இங்கே செல்லாது. சரக்கு இருந்தது, வாங்க மனசில்லை. அவ்வளவுதான்.

ஒரு பொய்ப்பல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல், சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 'இவர்கள் நம்மவர்கள் இல்லை' என்ற எண்ணம் ஊறியிருந்ததால்தான் அது அத்தனை சுலபமாக நடந்தது. போருக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் வாழ்க்கையை ஒன்றிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தபோது, திரையில் அவர்களுக்குக் கிடைத்த பக்கத்து வீட்டுக்காரர் யுனியோஷி!

இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் 1968-இல் 'தி பார்ட்டி' எடுத்தார். முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு பீட்டர் செல்லர்ஸ் ஓர் இந்திய நடிகராக வருவார். சாயம் அதே தவறுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பார்ட்டியிலேயே நல்ல மனசுக்காரர் அந்த இந்தியர்தான். பணக்கார ஹாலிவுட் கூட்டத்தைப் பார்த்தும் நாம் சிரிக்கிறோம். யுனியோஷிக்கு அந்த மரியாதைகூட இல்லை. அவர் மனிதரே அல்ல, ஒரு பல் செட்!

யுனியோஷி வேடத்தை அப்படிச் செய்ததற்காக எட்வர்ட்ஸே பின்னாளில் வருந்தினார். எடுத்தவரே ஒப்புக்கொண்ட பிறகும் ரசிகர்கள் 'அந்தக் காலம்' என்று வக்கீலாக வாதாடுவது ஏன்?

அதற்காகப் படத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை. காட்சியை வெட்டினால் தவறு நடந்த தடயமும் சேர்ந்து போய்விடும். ஆட்ரியை ரசிக்கலாம், பாட்டை ரசிக்கலாம். யுனியோஷி வரும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்த ஜோக்கில் பல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது?