வீட்டு நீச்சல் குளமும் ஊர் மராமத்தும்

மதுரையைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகி, மனைகளில் மாடி வீடுகள் எழும்பி வருகின்றன. அவற்றுள் சிலவற்றில் நீச்சல் குளமும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. புது வீடு கட்டும் நண்பரொருவர், "குளம் வெட்டப் பணம் இருக்கிறது, ஆனால் அதைக் காப்பாற்றும் செலவுக்கும் சிரமத்துக்கும் ஏற்ற பயன் உண்டா?" என்று நம்மைக் கேட்டார். இல்லை என்பதே நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைப் பொதுஜனங்கள் முன் வைப்பது நமது கடமை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள சிறு குளம் சுமார் 45,000 லிட்டர் கொள்ளும். நமது வெயிலில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் நீர் ஆவியாயிற்று என்றாலும், தினமும் 160 லிட்டர் ஆகாயத்திற்குப் போகிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு விதித்திருக்கும் அளவு 55 லிட்டர். ஆகவே, ஏறக்குறைய மூன்று பேருடைய பங்கை, ஒருவரும் இறங்கி நீந்தாத நாளிலும் சூரியன் குடித்துவிடுகிறான். வடிகட்டியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் பல நூறு லிட்டர் வீணாகும். ஒரு குதிரைச் சக்திப் பம்பு நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓடினால், மாதத்திற்குச் சுமார் 180 யூனிட் மின்சாரம். குளோரினை வெயில் சிதைத்துவிடுவதால் அதையும் இடைவிடாது சேர்க்க வேண்டும். ஒரு வாரம் அசட்டையாயிருந்தால் நீர் பச்சையாகும். அப்புறம் கொசுவுக்கே அது மாளிகை. பிள்ளைகள் முதல் கோடையில் குதித்து விளையாடுவர்; பின்னர் பள்ளிக்கூடமும் பரீட்சையும் வந்துவிடும். குளம் நிற்கும், செலவும் நிற்காது.

"என் நிலம், என் கிணறு, என் பணம், கேட்பவர் யார்?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சட்டம் அவர்கள் பக்கமே பேசுகிறது. தன் நிலத்தின் கீழ் வரையறுத்த கால்வாயில் ஓடாத நீரை எடுத்துக்கொள்ளும் பாத்தியதையை 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் நிலச் சொந்தக்காரருக்கு ஒப்புக்கொள்கிறது. வக்கீல் என்ற முறையில் அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பூமிக்குள்ளிருக்கும் நீருக்கு மதிற்சுவர் தெரியாது. ஒருவர் ஆழ்துளையிட்டு இறைத்தால் அடுத்த வீட்டுக் கிணறு வற்றக்கூடும். சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடாது.

நீந்துவது வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் நினைக்கலாகாது. அது தேகத்திற்கு நன்மை. ஆபத்தில் உயிரையும் காக்கும். முன்னெல்லாம் கிராமத்துப் பையன்கள் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு வயற்கிணற்றில் நீந்தக் கற்றார்கள். இன்று கிணறுகள் தூர்ந்துவிட்டன. நீச்சல் அறியாத பிள்ளைகள் கண்மாயிலும் ஆற்றிலும் மூழ்கி மாண்ட செய்தி ஒவ்வொரு விடுமுறையிலும் வருகிறது. இப்பிள்ளைகளை மாடி வீட்டுக் குளம் காப்பாற்றுமா? ஸ்திரீகள் எங்கே நீந்துவது என்ற கேள்வியும் நியாயமானதே. பொதுக் குளங்களில் அவர்களுக்கென்று தனி நேரமும், பயிற்றுவிக்கப் பெண் ஆசிரியர்களும் ஏற்படுத்துவதுதான் அதற்கு விடை.

மராமத்து என்ற சொல் நமக்குப் புதிதன்று. கண்மாயையும் வரத்துக்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ல் தமிழ்நாட்டு சர்க்காரும் அப்பெயரிலேயே வேலையைத் தொடங்கிற்று. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சுமார் 16 ஏக்கர் பரப்புள்ளது. அது நெடுங்காலம் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்ததை நாம் கண்டோம். பனையூர்க் கால்வாயைத் துப்புரவு செய்து வைகை நீரை விட்ட பிறகு, தெப்பம் மீண்டும் நீரில் மிதக்கிறது. சுற்று வட்டாரக் கிணறுகளுக்கும் அதனால் ஊற்று உண்டு. பத்து வீட்டார் பத்துக் குளங்களைக் காக்கும் பணத்தில் ஒரு வரத்துக்காலைத் தூர்வாரலாமென்றால், எது லாபம்?

1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வந்து இந்தச் சமவெளியை வாழ்விக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த நீரைத் தனி வீட்டுத் தொட்டிகளில் வெயிலுக்கு வார்ப்பது விவேகமாகாது. நண்பருக்கு நமது யோசனை இது: அந்த இடத்தில் மழைநீர் சேகரிக்கும் குழியும் நாலு மரமும் வையுங்கள், குளத்திற்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ஊர்க் கண்மாய்க்குக் கொடுங்கள். மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை: பகுதிதோறும் பொது நீச்சல் குளம் அமைத்து, பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசமாக நீந்தக் கற்றுக்கொடுங்கள். ஊர் பிள்ளைகள் யாவரும் நீந்தும் குளத்திற்கு எவ்வளவு மராமத்துச் செலவானாலும் அது தகும்.