வீணை இருக்கிறது, ஏடு எங்கே?

இராமேசுவரம் சென்று திரும்பும் நம் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் கொண்டு வருகின்றனர்: "கலாமைப் பார்த்து வந்தோம், உயிரோடு அமர்ந்திருப்பது போலவே இருக்கிறார்." மெழுகுருவத்தைப் பற்றிய பேச்சு இது. என்ன படித்தீர்கள், எந்தக் கடிதத்தைக் கண்டீர்கள், எந்த ஏட்டின் முன் சற்று நேரம் நின்றீர்கள் என்று கேட்டால் விடை வருவதில்லை. கேட்பவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பேக்கரும்பு நினைவிடத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர் முன் பேசிக்கொண்டிருந்தபோதே மறைந்த அப்துல் கலாம், அம்மாதம் 30ஆம் நாள் தம் சொந்தத் தீவில் நல்லடக்கம் செய்யப்பட்டார். சரியாக ஈராண்டுக்குப் பின், 2017 ஜூலை 27 அன்று, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எழுப்பிய மணிமண்டபம் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. ஓவியங்கள், நிழற்படங்கள், ஏவுகணை மாதிரிகள், வீணை வாசிக்கும் கோலத்தில் ஒரு சிலை. யாவும் அங்கே உண்டு. பள்ளிவாசல் தெருவிலுள்ள பூர்விக வீட்டின் மாடியிலும் ஒரு காட்சிக்கூடம் உண்டு. படகுச் சொந்தக்காரராகவும் பள்ளிவாசல் இமாமாகவும் விளங்கிய ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன் நாட்டின் முதற் குடிமகனாக உயர்ந்ததை அவ்வூர் கொண்டாடாமல் வேறு எவ்வூர் கொண்டாடும்?

எனினும் அந்த மண்டபத்தைச் சுற்றி நம்மனோர் செய்த வாதம் எது? 2017இல் சிலையருகே கீதை பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் குர்ஆனும் பைபிளும் வைக்கப்பட்டன. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு சாரார், "அவர் நம்மவர், எங்கள் கிதாபு எங்கே?" என்று முழங்கினர். மற்றொரு சாரார், "வீணை வாசித்தவர், சிலை வைக்கப்பட்டவர், அவரைப் பற்றி நமக்கென்ன?" என்று கைகழுவினர். இரு சாராரும் பார்த்தது சிலையைத்தான். அந்த மனிதர் ஐந்தாண்டுக் காலம் அப்பதவியில் அமர்ந்து எதில் கையொப்பமிட்டார், எதை மறுத்தார், எதற்காக வருந்தினார் என்று கேட்டவர் இரு பக்கத்திலும் அரிது.

கேட்கத்தக்க செய்திகள் உண்டு. 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை தில்லியிலிருந்து தொலைநகலில் சென்றது. நள்ளிரவு கடந்த வேளையில் அவர் ஒப்பமிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அக்கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பதவி விலகல் கடிதம் எழுதி ஆயத்தமாக வைத்திருந்ததையும், பிரதமர் வேண்டிக்கொண்டதால் அதைக் கைவிட்டதையும் 2012இல் வெளியான தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே, 2006 மே மாதம், ஆதாயப் பதவி தொடர்பான சட்ட முன்வடிவைக் கையொப்பமிடாமல் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் ஒரே கை செய்த இரு செயல்கள் இவை! ஒன்றில் இட்ட ஒப்பம். மற்றொன்றில் தயங்கி நிறுத்திய பேனா. இவ்விரு தாள்களின் நகலையும் அருகருகே வைத்து, இடையில் என்ன நிகழ்ந்தது என்று பத்து வரியில் தமிழில் எழுதி மாட்டினால், பள்ளிப் பிள்ளை ஒருவன் அரசியல் சட்டத்தையும் மனச்சான்றையும் ஒரு சேரக் கற்பான். மெழுகுருவம் அதைக் கற்பிக்குமா?

"மறைந்த பெரியவரின் பிழையைச் சுவரில் மாட்டுவதா?" என்று நம் நண்பரான ஆலிம் ஒருவர் சினந்தார். மய்யித்தின் நல்லவற்றையே பேச வேண்டும் என்ற அறிவுரையை நாமும் ஓதியிருக்கிறோம். ஆனால் அதே மதரஸாவில்தான் ஜர்ஹு, தஃதீல் என்னும் கலையையும் நாமிருவரும் ஓதினோம். நபிமொழி அறிவித்த ஒருவர் எவ்வளவு தொழுகையாளியாக இருந்தாலும், அவருடைய நினைவாற்றல் குன்றியது என்று கண்டால் முஹத்திஸுகள் அதை எழுதி வைத்தார்கள். நூற்றாண்டுகளுக்குப் பின் பிறந்த நாமும் அதைப் படிக்கிறோம். அது புறம் பேசுதல் ஆகாது என்று முடிவு செய்ததும் அவர்களே. பொதுப் பொறுப்பை ஏற்றவரின் செயல் சமுதாயத்தின் அமானிதம். அதை மறைப்பது மரியாதை என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கலாமோடு இது நிற்கவில்லை. பக்ருத்தீன் அலி அகமதும் நம்மவர்தான். 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு அவசர நிலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர் அவரே. ஜாகிர் உசேன் ஜாமியா மில்லியாவைத் தம் உழைப்பால் வளர்த்தவர். பிளேட்டோவின் குடியரசை உருதுவில் பெயர்த்தவர். 1969 மே 3 அன்று பதவியிலிருக்கும்போதே மறைந்தார். மீலாது மேடைகளில் "மூன்று முஸ்லிம் ஜனாதிபதிகள்" என்று விரல் மடக்கி எண்ணிக் கைதட்டல் பெறுகிறோம். அந்த மூவருள் எவருடைய ஒரு கடிதமேனும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

நாம் வாழும் திருவண்ணாமலையை நோக்குவோம். அண்ணாமலையார் கோயில் மதிலெங்கும் சோழர், ஹொய்சளர், சம்புவராயர், விஜயநகரத்தார் காலத்துக் கல்வெட்டுகள் நிரம்பியிருக்கின்றன. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அவற்றைத் தொகுதிகளாகவே அச்சிட்டுள்ளனர். இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த மூன்றாம் வீர வல்லாளனுக்கு இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த அரசன் 1342இல் மதுரை சுல்தானோடு செய்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் முடிவு எத்துணைக் கொடிது என்பதை நமக்கு எழுதி வைத்தவர் யார் தெரியுமா? இப்னு பதூதா! உரித்து வைக்கோல் அடைத்த அவனுடல் மதுரை மதிலில் தொங்கியதைத் தாமே கண்டதாக எழுதுகிறார். சுல்தான் கியாசுத்தீனோ அவருக்கு உறவு. இருவர் மனைவியரும் உடன்பிறந்தோர். நம் சுல்தான், நம் சகலை என்று அவர் எழுதுகோலை மூடி வைக்கவில்லை. அண்டை வீட்டார் துயரத்தின் சாட்சியம் ஒரு முஸ்லிமின் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது என்பதை, இவ்வூர்த் தெருவில் நடக்கும்போதெல்லாம் நாம் நாணத்தோடும் பெருமிதத்தோடும் எண்ணிக்கொள்வதுண்டு.

குடியரசுத் தலைவர் பேச்சுக்கே வருவோம். பின்னாளில் முதற் குடியரசுத் தலைவரான இராஜேந்திர பிரசாத், 1938 ஆகஸ்டில் ஜம்னாலால் பஜாஜோடு இங்குள்ள இரமணாசிரமத்துக்கு வந்து தங்கினார். அவர் வந்ததும் அங்கு நிகழ்ந்த உரையாடலும் அன்றன்றே நாள் குறித்து எழுதப்பட்டன. எழுதியவருக்கு, வந்தவர் பன்னிரண்டாண்டு கழித்து என்ன ஆவார் என்று தெரியாது. வந்தவரைக் குறித்து வைப்பது அவ்விடத்தின் வழக்கம், அவ்வளவே.

அப்படியானால் பெரியோரின் பொருள்களைப் பேணுவதே கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி), அது நன்மையோ தீமையோ செய்யவியலாத கல்லே என்று உரக்கச் சொல்லிவிட்டே முத்தமிட்டார்கள். அந்தத் தெளிவு இருக்குமானால் கலாமின் பெட்டியையும் உடையையும் பார்ப்பதில் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் பொருளுக்கும் இஸ்னாது வேண்டும். ஜைது இப்னு தாபித் (ரலி) குர்ஆனைத் தொகுத்தபோது, தமக்கு மனப்பாடமாக இருந்த ஆயத்துக்கும் எழுத்துச் சான்று கேட்டார்கள். அதன் வாரிசுகளான நாம், கண்ணாடிப் பேழைக்குள் "இது அவர் பயன்படுத்தியது" என்ற ஒரு வரிச் சீட்டைக் கண்டு நிறைவடைந்து விடலாமா? யார் கொடுத்தார், என்று கொடுத்தார், அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று எழுதாத பொருளை முஹத்திஸின் கண்ணால் பார்த்தால் அது ளயீஃபு.

அமெரிக்கர் இதில் ஒரு வழி கண்டார்கள். ரூஸ்வெல்ட் தம் தாள்களையெல்லாம் நாட்டுக்கு ஒப்படைத்து, 1941இல் தம் ஊரிலேயே நூலகம் திறக்கச் செய்தார். நிக்சன் தம் ஒலிநாடாக்களை மறைக்க முயன்று பதவியிழந்த பிறகு, 1978இல் சட்டமே செய்துவிட்டனர்: தலைவரின் அலுவல் ஏடுகள் தலைவருடைய சொத்தல்ல, மக்களுடைய சொத்து. நம் நாட்டில் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊர்தோறும் நினைவிடம் எழுப்புவோர் அதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 2025இல் கலாமின் தனிக் கடிதங்களையும் பயண அறிக்கைகளையும் கடவுச்சீட்டு போன்றவற்றையும் அவர் குடும்பத்தார் தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வழங்கினர். பாராட்டத்தக்க செயல். கடற்காற்றும் கரையானும் தின்னாமல் அவை அங்கே நிலைக்கும். ஆனால் சிலை தென்கோடியிலும் ஏடு வடகோடியிலும் கிடப்பது முறையா? நகல் எடுப்பது எளிதாகிவிட்ட இக்காலத்தில், அவற்றுள் வெளியிடத்தக்கவற்றின் நகல் பேக்கரும்பிலும், தமிழ்க் குறிப்புடன், வைக்கப்பட வேண்டும். இதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் நாம். கீதையா குர்ஆனா என்று வழக்காடிய வேகத்தில் பாதி போதும்.

கேட்பதற்கு நமக்கு என்ன தகுதி என்று யாரேனும் திருப்பிக் கேட்டால்தான் நாம் தலைகுனிய நேரும். கடன் கொடுத்தாலும் எழுதிக்கொள் என்று விரித்துரைக்கும் ஆயத்தே திருமறையின் மிக நீண்ட ஆயத்து. ஹுதைபியாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எதிர்த்தரப்பார் மறுத்த சொல்லை அழித்தேனும் உடன்படிக்கையை எழுத்தில் முடித்தார்கள். அவர்களுடைய உம்மத்தாகிய நாம் என்ன செய்கிறோம்? வீட்டுப் பரணில் கிடந்த அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளை, அரபெழுத்து காலில் மிதிபடக் கூடாதே என்ற "மரியாதையால்" கிணற்றிலும் கடலிலும் விட்டோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காலத்து மக்கள் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் எத்தனை வீடுகளில் இவ்வாறு நீரில் கரைந்தன என்பதை அல்லாஹ்வே அறிவான். அச்சிட்ட மஸ்அலா நூல் பிழைத்தது. அதே எழுத்தில் பாட்டனார் பர்மாவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வீட்டுக்கு எழுதிய கடிதம் பிழைக்கவில்லை.

இதன் விலையை 2025இல் கொடுத்தோம். வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வக்ஃபின் விவரத்தையும் ஆவணத்தையும் மத்திய அரசின் இணையதளத்தில் ஏற்றும்படி கெடு விதிக்கப்பட்டது. அச்சட்டத்தின் நியாய அநியாயம் வேறு. அதைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. நாம் கண்டதைச் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த சிற்றூர் ஒன்றின் முத்தவல்லி, மூன்று தலைமுறையாகத் தொழுகை நடக்கும் பள்ளிவாசலின் தானப் பத்திரத்தைத் தேடி நம்மிடம் வந்தார். பத்திரம் எழுதியவர் பெயரை ஊரே அறியும். ஆண்டுதோறும் அவருக்காக ஃபாத்திஹா ஓதுகிறார்கள். பத்திரத்தை மட்டும் கண்டவர் எவருமில்லை. கடைசியில் பள்ளியின் மேல்தளத்தில், கிழிந்த முஸ்ஹஃபுகளோடு அடக்கம் செய்வதற்காகக் கட்டி வைத்திருந்த மூட்டை ஒன்றை அவிழ்த்தோம். இரண்டு மாலைகள் ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். ஜூஸ்உத் தாள்களுக்கு இடையே, எண்ணெய்க் கணக்கும், நிக்காஹ் பதிவு ஏடொன்றின் பாதியும், ஓரம் அரித்த ஒரு முத்திரைத்தாளும் கிடைத்தன. முத்திரைத்தாளில் நிலத்தின் நான்கு எல்லைகளும் தெளிவாக இருந்தன. ஒப்பமிட்ட இடத்தைக் கரையான் தின்றிருந்தது.

நிக்காஹ் ஏட்டின் அந்தப் பாதியை நாம் முத்தவல்லியிடமே கொடுத்து, நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். மற்றொரு பாதி முந்திய மூட்டையோடு மண்ணுக்குள் போயிருக்க வேண்டும் என்றார் மோதினார்.