கிடை போட ஆடு வேண்டும்

போன வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்த என் தங்கை மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "மாமா, அறுக்காத கோழியோட கறி சாப்பிட்டுப் பார்த்தேன்" என்றான். ஆய்வகத்தில் வளர்த்த கறி. அங்கே ஒரு கறிக்கடையில் உறையவைத்த பொட்டலமாக விற்கிறார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "கோழி மாதிரிதான். ஆனா பொட்டலத்துல மூணு சதவீதம்தான் கோழிச் செல், மிச்சம் பெரும்பாலும் தாவரப் புரதம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். மூன்று சதவீதம் சொந்தப் பணம், மிச்சம் கடன் என்று யாராவது திட்ட அறிக்கை கொண்டுவந்தால் நாற்காலியை விட்டு எழுந்துபோகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவன் போன பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நெடுங்காடு பக்கம் ஒன்பது மா நிலத்தில் ரசாயனம் போடாமல் விவசாயம் செய்கிறேன். சம்பா முடிந்து உளுந்தும் எடுத்த பிறகு, சித்திரையில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். சிங்கப்பூர்ப் பொட்டலத்துக்கும் என் கிடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன சரக்கு என்று பார்ப்போம். உயிருள்ள ஆட்டிலிருந்தோ கோழியிலிருந்தோ மீனிலிருந்தோ சிறிதளவு திசுவை எடுக்கிறார்கள். அதிலிருக்கும் செல்களைப் பிரித்து, பீர் காய்ச்சும் அண்டா போன்ற பெரிய எஃகுக் கலத்தில், சத்துக் கரைசலில் போட்டுப் பெருக்குகிறார்கள். கரைசலில் குளுக்கோஸ், அமினோ அமிலம், வைட்டமின், உப்பு, செல் பெருகத் தூண்டும் புரதங்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இதற்குச் சினைப்பசுவை அறுக்கும்போது கருவில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைத்தான் நம்பியிருந்தார்கள். கொல்லாத கறிக்குக் கன்றின் ரத்தம்! இப்போது அது இல்லாமலே வளர்க்க முடிகிறது. 2023-இல் சிங்கப்பூர் சீரம் சேர்க்காத கரைசலுக்கும் அனுமதி கொடுத்துவிட்டது. அதனால் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டு நாம் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

2013 ஆகஸ்டில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து மார்க் போஸ்ட் லண்டனில் முதல் ஆய்வக மாட்டுக்கறி பர்கரைப் பொதுமேடையில் சமைக்கவைத்தார். அந்த ஒரு பர்கருக்கு ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. 2020 டிசம்பரில் உலகிலேயே முதல் நாடாகச் சிங்கப்பூர் விற்பனைக்கு அனுமதித்தது. 2023 ஜூனில் அமெரிக்கா இரண்டு கம்பெனிகளின் கோழிக்கறிக்கு அனுமதி கொடுத்தது. அதே வருஷக் கடைசியில் இத்தாலி தடை போட்டது. 2024-இல் அமெரிக்காவுக்குள்ளேயே புளோரிடாவும் அலபாமாவும் தடை போட்டன. ஒரு பக்கம் கதவைத் திறக்கிறார்கள், ஒரு பக்கம் சாத்துகிறார்கள்.

வளரும் சந்தை, வளரும் சந்தை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பணக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2021-இல் இந்தத் தொழிலில் உலகம் முழுக்க வந்து விழுந்த முதலீடு கிட்டத்தட்ட 140 கோடி டாலர். 2024-இல் அது 14 கோடிக்கு வந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் பயம் விட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாமா? கூடாது. தனியார் பணம் பின்வாங்கும் இடத்தில் அரசாங்கப் பணம் முன்னே வரும். நம் நாட்டில் 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பயோ-ஈ3 கொள்கையில் 'ஸ்மார்ட் புரதம்' என்பதும் ஒரு தலைப்பு. ஆய்வகக் கறி அந்தத் தலைப்புக்குள் வருகிற சரக்கு.

அதற்கும் முன்னால், 2024 ஜனவரியில், கொச்சியில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் டெல்லியைச் சேர்ந்த நீட் மீட் பயோடெக் என்ற கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. ஆய்வகத்தில் மீன் கறி வளர்ப்பதற்கு. எந்த மீன்? மத்தியா, காரப்பொடியா? இல்லை. வஞ்சிரமும் வவ்வாலும்.

எங்கள் தெருவுக்குக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "வஞ்சிரத்தையா சார் வளக்கப்போறான்? அது நாலு விழுந்தாத்தான் எங்க டீசல் காசு வரும். மத்திய அவனே வளத்துக்கிட்டு வஞ்சிரத்த எங்களுக்கு விடச் சொல்லுங்க" என்றார். ஆராய்ச்சி நிலையம் சொல்லும் காரணம் தவறு என்று நான் சொல்லவில்லை. கடலில் மீன் குறைகிறது, தேவை கூடுகிறது, அதை ஈடுகட்டலாம் என்கிறார்கள். ஆனால் கடலில் போய்வருகிறவனின் லாபம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தத் தொழில் முதல் கையை வைக்கிறது. விலை உயர்ந்ததை வளர்த்தால்தானே அதற்கும் கட்டும்.

சரி, கிடைக்கு வருகிறேன்.

எனக்குக் கிடை போடும் கீதாரி சிவகங்கைப் பக்கத்துக்காரர். அறுவடை முடியும்போது செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிக் கடைமடை வரைக்கும் வருவார். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்குமுன் திரும்பிவிடுவார். பகலில் தரிசில் மேய்ச்சல், ராத்திரி என் வயலில் அடைப்பு. மறுநாள் பட்டியைத் தள்ளி அடுத்த இடம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணிலேயே விழுகிறது. வண்டி வாடகை இல்லை, அள்ளிக் கொட்டும் கூலி இல்லை. 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்று ஊரில் சொல்வதை நான் வங்கியில் இருந்தவரை பழமொழி என்றுதான் நினைத்தேன். கிடை போட்ட மாவிலும் போடாத மாவிலும் ஒரே பூங்காரை நட்டுப் பார்த்த பிறகுதான் அது கணக்கு என்று புரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவரிடம் கேட்டேன், கிடைக் கூலியில் உங்களுக்கு என்ன நிற்கிறது என்று. அவர் சொன்னது: "ஐயா, கிடைக்காசு சோத்துக்கும் டீத்தண்ணிக்கும் ஆச்சு. ஆட்டுக்காரனுக்கு மிச்சம்னா அது கிடாய வித்தாத்தான். கறிக்கு வெல இருக்கு, ஓட்டிக்கிட்டு வாரேன். வெல இல்லேன்னா நான் எதுக்கு நூறு மைலு நடக்கணும்?"

இதைவிடத் தெளிவான வரவு செலவு அறிக்கையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. என் வயலுக்கு எரு கொடுப்பது யார்? காரைக்காலிலோ மாயவரத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் பையோடு நிற்கிற ஆள். அவர் கொடுக்கும் காசில்தான் ஆடு நடக்கிறது, ஆடு நடந்தால்தான் என் மண்ணுக்குச் சாப்பாடு. அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனால் எரு நின்றுபோகும். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவே வேண்டாம், தானாக நிற்கும்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. இதில் நானும் குற்றவாளிதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டெல்டாவில் பல கிளைகளில் வேலை பார்த்தேன். டிராக்டர் கடன் கொடுத்தால் மேலிடத்தில் நல்ல பெயர். கொடுத்தேன். தப்பான கடன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. சேற்றில் மாடு ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் டிராக்டரின் அருமை தெரியும். ஆனால் நம் மண்ணின் மாடு உம்பளச்சேரி. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்துச் சேற்றுக்கென்றே உருவான உழவு மாடு. மொட்டை மாடு, தெற்கத்தி மாடு என்றெல்லாம் சொல்வார்கள். அதைப் பாலுக்காக யாரும் வளர்க்கவில்லை, உழவுக்காக வளர்த்தார்கள். உழவு டிராக்டருக்குப் போனதும் மாட்டுக்கு வேலை போனது. வேலை போனதும் தொழுவத்தைவிட்டு மாடே போனது. யாரும் உம்பளச்சேரியை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் போடவில்லை. இன்றைக்குப் பஞ்சகவ்யத்துக்கு நாட்டு மாட்டுச் சாணம் தேடி நானே மூன்று ஊர் அலைகிறேன். கையெழுத்துப் போட்ட கை இதுதான்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் பெரிய கொட்டகைகளில் வளரும் கோழியின் வாழ்க்கையைப் பார்த்தவர்கள் அதை விவசாயம் என்று சொல்லத் தயங்குவார்கள். கொலிஸ்டின் என்பது மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஆன்டிபயாடிக். கோழித் தீவனம் வரைக்கும் அது போய்விட்டதால்தான் 2019-இல் மத்திய அரசு உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கத் தடை போட வேண்டிவந்தது. ஆய்வகக் கறி அந்தக் கொட்டகையை மட்டும் காலி செய்யுமானால் நான் அழப்போவதில்லை. உண்மையில் அந்தக் கொட்டகைதான் இந்த அண்டாவுக்குத் தாய். கோழியைக் கொத்தவும் சீய்க்கவும் விடாமல் வெறும் தசையாகப் பார்க்கப் பழகிய பிறகுதானே, தசையை மட்டும் வளர்த்தால் என்ன என்ற யோசனை வந்தது?

இன்னொன்று சூழல். கால்நடைகளால் வரும் வெப்பவாயு உலக மொத்தத்தில் 14.5 சதவீதம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் சொன்னதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் சோளமும் சோயாவும் கொட்டி அடைத்து வளர்க்கும் மாடும், என் வயலில் உளுந்துத் தழையைப் பொறுக்கும் செம்மறியும் ஒரே பட்டியில் அடைக்கப்பட்டிருக்கின்றன. அண்டாவுக்கும் தீனி வேண்டும். குளுக்கோஸ் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வரும், அமினோ அமிலத்துக்குச் சோயாவைத் தேடுவார்கள். கறி ஆலைக்குள் போனாலும் தீனி வயலிலிருந்துதான். அதுவும் ஒற்றைப் பயிர் வயலிலிருந்து. மருந்து ஆலை அளவுக்குச் சுத்தம் செய்த கரைசலையே தொடர்ந்து பயன்படுத்தினால் மாட்டுக்கறியைவிடப் பல மடங்கு கரியமில வாயு வெளியாகும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் கணக்குப் போட்டார்கள். கரைசல் மலிவானால் கணக்கு மாறும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. செல் யாருடையது? கலம் யாருடையது? எங்கள் தாத்தா கையில் விதை இருந்தது. என் அப்பா அதைக் கடையில் வாங்கத் தொடங்கினார். வேம்புக்கே காப்புரிமை வாங்கிவைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் அதை ரத்து செய்ய 2000 வரைக்கும் போராட வேண்டியிருந்தது, மேல்முறையீடு முடிய 2005 ஆனது. செம்மறி குட்டி போடுவதற்கு யாரும் உரிமத் தொகை கேட்பதில்லை. அண்டாவில் செல் பெருகினால் கேட்பார்கள்.

நம் இயக்கத்துக்குள் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் சாணத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவோம். கறியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவோம். மதியச் சாப்பாட்டில் சாம்பாரும் கூட்டும் இருக்கும். கீதாரியைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்ததாக எனக்கு நினைவில்லை. சைவம் சாப்பிடுவது அவரவர் விருப்பம், என் வீட்டிலேயே சம்சாரம் கார்த்திகை முழுக்கத் தொடமாட்டார். ஆனால் கொல்லாத கறி வந்துவிட்டது, நல்லதுதானே என்று நம் நண்பர்கள் சிலர் சொல்லும்போது, அவர்களுடைய எருக்குழியில் யாருடைய ஆடு இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

தடை கேட்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை. தடை போட்டால் கள்ளச்சரக்கு வரும், அல்லது வெளிநாட்டுக்காரன் முதலில் செய்து நமக்கு விற்பான். நம் நாட்டில் விற்பனைக்கு இன்னும் அனுமதி கொடுக்கப்படவில்லை. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும். பொட்டலத்தின் முன்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் 'ஆய்வகத்தில் வளர்த்தது, இத்தனை சதவீதம்' என்று இருக்க வேண்டும். பொது நிறுவனங்களின் பணத்தில் உருவாகும் செல்லும் முறையும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். அண்டாவுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் மேய்ச்சலுக்கும் ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டும். இங்கே கீதாரியின் ஆட்டுக்குக் கழிச்சல் வந்தபோது, ஆடு தமிழ்நாட்டு ஆடு, வயல் புதுச்சேரி வயல் என்று இரண்டு பக்கமும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் மருந்துக்கடையில் நானே வாங்கிக் கொடுத்தேன், அதற்குள் ஒன்பது ஆடு போய்விட்டது. பல கோடி ரூபாய் அண்டாவைப் பற்றிப் பேசுகிற நாட்டில் ஆட்டுக்கு ஓர் ஊசி எந்த மாநிலத்துக் கணக்கு என்று தெரியவில்லை.

நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. கிச்சிலி சம்பாவையும் கறுப்புக் கவுனியையும் நேரடியாக விற்கக் கற்றுக்கொண்ட நாம், மேய்ச்சல் ஆட்டுக்கு அப்படி ஒரு பேரையும் விலையையும் உண்டாக்கவில்லை. இந்தச் சித்திரையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கீதாரியிடம் பேசியிருக்கிறோம். கிடைக் கூலியைக் கொஞ்சம் கூட்டித் தருவது, தண்ணீருக்கு எங்கள் போர் மோட்டார், திரும்பிப் போகுமுன் ஆறு கிடாய்களைத் தரகர் இல்லாமல் எடை போட்டு எங்கள் அரிசி வாடிக்கையாளர்களுக்கே கொடுப்பது என்று ஏற்பாடு. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்தத் தடவை ஒரு மாதம் லீவு போட்டு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறானாம்.