இரவல் தந்தை

1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' திரைப்படத்தைத் தீங்கற்ற நகைச்சுவை என்று போற்றுவோர் பலர். நாமும் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்தாம். நாகேஷ் கதை சொல்லப் பாலையா நடுங்கும் காட்சிக்கு ஈடான ஒன்று தமிழ்த்திரையில் அரிது. ஆயினும், நகைச்சுவையில் நியாயம் தேடலாகாது என்னும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு சமுதாயம் எதற்கு வெட்கப்பட மறந்துவிட்டது என்பதை அதன் சிரிப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கதையை நினைவுகூர்வோம். சின்னமலைச் செல்வந்தர் விசுவநாதனிடம் வேலை இழந்த இளைஞன் அசோக், அவர் வீட்டின் எதிரிலேயே கூடாரமடித்துப் போராடுகிறான். அவன் கேட்பது வேலை. பாட்டாகப் பாடிக் கேட்டாலும் அது உழைப்பவனின் உரிமைக்குரல்தான். ஆனால் செல்வந்தரின் மகள்மீது காதல் மலர்ந்ததும் அந்தக் குரல் எங்கே போயிற்று? வேலை கேட்டவன் மருமகனாக முயல்கிறான். கேள்வி கேட்டவன் வேடம் போடுகிறான். தான் பெருஞ்செல்வரின் மகன் என்று பொய் சொல்கிறான். நண்பன் வாசு நரைமுடி ஒட்டிக்கொண்டு கோடீசுவரத் தந்தையாக வந்து நிற்கிறான். காதலித்தவளைக் கைப்பிடிக்க ஒரு மகன் தன்னைப் பெற்றவரை மறைத்து, இரவல் தந்தை ஒருவரை முன்னிறுத்த வேண்டியிருக்கிறது! அரங்கம் சிரிக்கிறது.

உண்மையில் வாசு செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. அவன் காதலிப்பதும் விசுவநாதனின் இன்னொரு மகளைத்தான். அவன் காதலுக்குத் தடையாக வருவது நண்பனுக்காகப் போட்ட வேடம் மட்டுமே. ஏழையின் காதல் கரைசேரப் பணக்காரத் தோழனின் தயவு தேவைப்படுகிறது. பணக்காரனின் காதலுக்கோ யாருடைய தயவும் வேண்டியதில்லை. படம் இதை அருகருகே வைத்துக் காட்டுகிறது, ஆனால் ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை.

ஸ்ரீதருக்குரிய பெருமையை நாம் குறைக்க விரும்பவில்லை. போலிச் செல்வரின் முன் பாலையா குழைந்து நெளிவது, பண ஆசையை அம்பலப்படுத்தும் அருமையான நடிப்பு. சாட்டை அவர் கையில் இருந்தது, ஓங்கவும் செய்தார். ஆனால் திருமண மேளத்தில் அந்த அடி விழாமலே போயிற்று. ஏமாந்தவர் கோபித்தார், பிறகு இணங்கினார். 'வந்தவரின் சொத்தை ஏன் முதலில் எடை போட்டீர்?' என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. பெண்ணும் கேட்கவில்லை!

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. படம் வெளிவந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து. இன்றும் பெண் பார்க்கச் செல்லும் நம் குடும்பங்களில், பையனின் குணத்தை விசாரிக்குமுன் வீடு சொந்தமா வாடகையா என்றுதானே விசாரிக்கிறோம்? கடன் வாங்கிய நகையும், ஒரு நாளைக்கு அமர்த்திய காரும், உறவினரிடம் இரவல் பெற்ற பெருமையும் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது, பாலையாவைப் போல் ஓடோடிச் சென்று வரவேற்பவர் யார்? அந்த வேளையில் நம்மைப் பார்த்துச் சிரிக்க ஓர் அரங்கம் இல்லை, அவ்வளவுதான்.