விசுவாசமும் அந்தஸ்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் திருச்சபைகள் ஆண்டு நிறைவு விழா எடுக்குந்தோறும் ஒரு பட்டியல் வாசிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. இத்தனை வைத்தியர், இத்தனை பொறியியலாளர், இத்தனை சட்டத்தரணிகள், இத்தனை நிருவாக அதிகாரிகள் இச்சபையின் மடியில் வளர்ந்தனர் என்பதே அப்பட்டியல். அதில் பொய்யேதும் இல்லை. ஆயினும் அதிற் காணப்படாத பெயர்கள் பல. விசுவாசத்தின்பொருட்டு உத்தியோகத்தை உதறியவர் அதில் இல்லை. சீதனம் வேண்டாவென்று மணந்தவர் இல்லை. தம்மிலும் தாழ்ந்தோரெனச் சமூகம் ஒதுக்கிய மனிதரோடு ஒரே வாங்கில் அமர்ந்து உறவினரின் ஏச்சை ஏற்றவர் இல்லை. சபை எவற்றை எண்ணிப் பார்க்கின்றதோ அவற்றையே அது போற்றுகின்றது. அவ்வாறாயின், கிறிஸ்துவின் பெயரால் கூடும் ஒரு கூட்டம் உலகம் எண்ணுவதையே தானும் எண்ணிக்கொண்டிருக்குமாயின், அக்கூட்டத்துக்கும் ஓர் உத்தியோகத்தர் நலன்புரிச் சங்கத்துக்கும் வேற்றுமை யாது?

இக்கேள்வியை எழுப்புவதற்கு மானிப்பாயைவிடத் தக்க இடம் வேறொன்றில்லை. 1816இல் யாழ்ப்பாணத்தில் தொண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1821இல் மானிப்பாயைத் தம் நிலையங்களுள் ஒன்றாக்கினர். 1834இல் அவர்களுடைய அச்சகம் அங்கு அமைந்தது. 1842இல் வெளிவந்த பேரகராதி இன்றளவும் 'மானிப்பாய் அகராதி' என்றே வழங்கப்பெறுகின்றது. தமிழுக்கு இத்துணை பெருமை சேர்த்த அவ்வூரின் கிறிஸ்தவ வரலாற்றில் இரண்டு நெறிகள் தொடக்கத்திலிருந்தே ஒன்றையொன்று எதிர்த்து நின்றுள்ளன. ஒன்று விசுவாசத்தை ஏணியாக்கி அந்தஸ்துக்கு ஏறும் நெறி. மற்றையது அந்தஸ்தை இழந்தேனும் விசுவாசத்தைக் காக்கும் நெறி. பின்னதைப் புகழ்ந்துகொண்டு முன்னதையே பின்பற்றியமை யாழ்ப்பாணக் கிறிஸ்தவத்தின் பெருந்தவறு.

முதல் நெறியின் கதை வட்டுக்கோட்டையில் தொடங்குகின்றது. 1823இல் டானியல் பூவரின் தலைமையில் அங்கு எழுந்த செமினரி, சுதேச போதகரையும் ஆசிரியரையும் உருவாக்குவதற்கென்றே நிறுவப்பெற்றது. கணிதமும் வானவியலும் மெய்யியலும் அங்கே உயர்தரத்தில் கற்பிக்கப்பட்டன. ஆனால் அதன் வாயிலில் வந்து நின்ற பெற்றோர் பலரின் கண்ணுக்குத் தெரிந்தது கச்சேரியின் நாற்காலியே. ஆங்கிலம் அரசாங்க உத்தியோகத்தைத் தந்தது. உத்தியோகம் ஊரிலே மதிப்பைத் தந்தது. மதிப்பு நல்ல சீதனத்தைத் தந்தது. 1855இல் றூபஸ் அன்டர்சனை உள்ளடக்கிய அமெரிக்கத் தூதுக்குழு வந்து நிலைமையை ஆராய்ந்ததன்பின் செமினரி மூடப்பட்டது. சமயப் பணிக்கென அமைந்த நிறுவனம் உத்தியோக வேட்கைக்குத் துணைபோகின்றதென்பதே அம்முடிவுக்குப் பின்னிருந்த முக்கியமான குறைபாடு.

இரண்டாண்டுகளின்பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அச்செமினரியின் மாணவராயிருந்தனர். அவர்களுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராகிப் பழந்தமிழ் நூற்பதிப்பிலே அழியாப் புகழ் பெற்றார். அவரைக் குறைகூற இடமில்லை. உள்ளத்திலே ஒன்றை வைத்துக்கொண்டு உதட்டிலே வேறொன்றைக் கூறாது தம் பற்றுக்குரிய இடத்தை அவர் தேடிக்கொண்டார். ஆனால் கல்வி நிலைத்து விசுவாசம் நிலையாதுபோன இந்நிகழ்ச்சி, கொடுத்தவருக்கும் பெற்றவருக்குமிடையே என்ன வாணிகம் நடந்தது என்பதை உணர்த்தப் போதுமானது.

அன்டர்சனின் தீர்ப்பும் நோயின் வேரை அறுக்கவில்லை. ஆங்கிலத்தை விரும்பியோர் வேறு மிஷன்களின் பாடசாலைகளை நாடினர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. மொழியைக் குற்றவாளியாக்கி நிறுத்தியதால் மனத்திலிருந்த வேட்கை தப்பிக்கொண்டது. ஆங்கிலம் கற்பதிற் பாவமில்லை. ஆங்கிலத்துக்காக ஞானஸ்நானம் பெறுவதிலேதான் பாவம் இருந்தது. இதைச் சொல்லத் துணியாது பாடசாலையைப் பூட்டியமை, காய்ச்சல்காரனின் பாயைச் சுருட்டி வைத்ததற்கு ஒப்பாகும்.

பெற்றோரையும் மாணவரையும் மட்டும் பழித்தல் நீதியன்று. விதைத்தவர் கையிலும் குற்றம் உண்டு. 1824இல் உடுவிலில் எழுந்த பெண்கள் விடுதிப் பாடசாலையிலே தொடக்க காலத்தில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. பெண்கல்வியை அறியாத ஒரு சமூகத்தில் பெண்களைப் பள்ளிக்கு ஈர்த்தற்கு வேறு வழி காணாது செய்த செயல் அது என்று சமாதானம் கூறலாம். ஆயினும், சீதனம் என்னும் ஊர் வழக்கத்தைச் சுவிசேஷம் எதிர்கொண்ட முதற் சந்திப்பிலேயே சுவிசேஷம் பணிந்தது என்பது மறுக்கவியலாத உண்மை. அன்று வளைந்த தலை இன்றும் நிமிரவில்லை.

இக்குறையை முதன்முதல் உரத்துச் சொன்னவர் கிறிஸ்தவர் அல்லர், ஆறுமுக நாவலர். உத்தியோகத்துக்காகவும் பொருளுக்காகவும் மதம் மாறுகின்றனர் என்று அவர் இடித்துரைத்தபோது கிறிஸ்தவர் சினந்தனர். எதிர்க் கண்டனங்கள் எழுதினர். சினம் விடையாகாது. நாவலரின் சொல்லைவிட அவரது வாழ்வே கிறிஸ்தவரைக் கூடுதலாக நாணச்செய்ய வேண்டும். பேர்சிவல் பாதிரியாரின் துணைவராய் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து, உவெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராய் இருந்த அவர், 1848ஆம் ஆண்டளவில் அத்தொழிலை விடுத்துச் சைவத்தொண்டில் இறங்கினார், மணஞ்செய்யாமலே வாழ்ந்தார். தம் சமயத்தின்பொருட்டு உத்தியோகத்தை விட்ட சைவர் ஒருவர், உத்தியோகத்தின்பொருட்டுச் சமயத்தைத் தொட்ட கிறிஸ்தவரை நோக்கி வினாவெழுப்பினார். இந்த வழக்கில் எவர் பக்கம் கிறிஸ்துவுக்கு அணித்தாயிருந்தது என்பதை நடுநிலையாளர் கூறட்டும்.

இரண்டாவது நெறி மானிப்பாயிலே மனிதவடிவில் நடந்து திரிந்தது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரில் வசதி படைத்த குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய தமையன் அன்ட்று ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க்கின் நடுப்பூங்காவை உருவாக்கியோருள் ஒருவராகவும், 1898இல் அப்பெருநகரை ஒன்றிணைத்தவராகவும் புகழ்பெற்றார். அத்தகைய குடும்பத்தின் வைத்தியப் பட்டதாரிக்கு நியூயோர்க்கிலே இருக்கை காத்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அவரோ 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தம் இடமாக்கினார். இடையிலே தாயகம் சென்ற காலம் நீங்க, 1873 வரையும் அங்கேயே உழைத்தார்.

அவர் வைத்தியம் செய்தார் என்பதிலும் வைத்தியம் கற்பித்த முறையே இங்குச் சிந்திக்கத்தக்கது. முதலில் ஆங்கிலத்திற் பயின்ற மாணவர்கள் அரசாங்கச் சேவையையும் கூடிய சம்பளத்தையும் நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். செமினரியைக் கவிழ்த்த அதே நோய் தம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டதைக் கிறீன் கண்டார். ஆனால் அவர் கதவைப் பூட்டவில்லை; 1864இல் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, உடற்றொழில், சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்களைத் தாமும் தம் மாணவருமாகத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்பன அவ்வுழைப்பின் கனிகள். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். மாணவர் வேட்டி சால்வையோடு, தம் மக்களுள் ஒருவராகவே, தம் மக்களுக்குப் பணிபுரிய வேண்டுமென்பது அவர் விருப்பம். காற்சட்டையும் சப்பாத்தும் கிறிஸ்தவத்தின் அடையாளங்களாகக் கருதப்படுவதை அவர் வெறுத்தார்.

தமிழ் உணர்வாளர் கிறீனை மருத்துவத் தமிழின் முன்னோடியெனப் போற்றுகின்றனர். அது தகும். ஆனால் அவரது தமிழை அவரது விசுவாசத்திலிருந்து பிரித்தெடுத்துப் போற்றுதல் அரைப் போற்றலேயாம். உயர்ந்த சம்பளத்துக்கு வழிகாட்டாத ஒரு மொழியிலே உயர்ந்த அறிவை வைத்தமை, அறிவை அந்தஸ்திலிருந்து விடுவிக்க அவர் கண்ட உபாயம். பணிக்கென்றே வருபவன் தமிழில் வைத்தியம் படிக்க அஞ்சான். பதவிக்கென்று வருபவன் தானே விலகிப்போவான். விசுவாசத்தை உரைத்துப் பார்க்கும் கல்லாகவே மானிப்பாயின் தமிழ் வகுப்பு அமைந்தது.

தாயகம் திரும்பிய பின்னும் அவர் மொழிபெயர்ப்புப் பணியை விடவில்லை. 1884இல் இறக்குமுன், தம் கல்லறையில் எதுவும் பொறிக்கப்படுவதாயின் பெயரும் ஆண்டுகளும், தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தமையும், இயேசுவே தமக்கு எல்லாம் என்பதுமே போதுமென அவர் விரும்பினார். குடும்பப் பெருமையோ பட்டமோ அதில் இடம்பெறவில்லை. இன்று யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இல்லங்களிலிருந்து வெளிவரும் மரண அறிவித்தல்களை அதனருகே வைத்துப் படித்தால் நெஞ்சு கூசும். இறந்தவர் வகித்த பதவிகள் முதலிலும், மருமக்கள் வகிக்கும் பதவிகள் அடுத்தும், பேரர் வாழும் நாடுகள் அதன்பின்னும் நிரல்படுகின்றன. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்னும் தொடர் எங்கோ ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது.

மரணத்தில் மட்டுமன்று, மணத்திலும் இதுவே நிலை. மணமகன் தேவபக்தியுள்ளவனா என்று விசாரிக்கும் பெற்றோர், அவ்வினாவுக்கு முன்னரே அவன் எந்த நாட்டில் எந்த விசாவோடு இருக்கின்றான் என்பதை விசாரித்துவிடுகின்றனர். பலிபீடத்தின்முன் இருவரும் ஒருமாமிசமாவர் என்று குருவானவர் கூறும்வேளை, காணியுறுதியும் நன்கொடைப் பணமும் கைமாறி முடிந்திருக்கும். சாதி கிறிஸ்துவுக்குள் ஒழிந்ததென்று பிரசங்கம் கேட்டுத் தலையசைத்தவர்களே, வீடு திரும்பியதும் பகுதி விசாரிக்கின்றனர். போருக்கும் புலம்பெயர்வுக்கும் பின்னர் வெளிநாட்டுப் பணம் சபைகளுக்கு வந்தது. இடிந்தவை எழுந்தன, அது நன்றே. ஆனால் எழுந்த சுவரிலும் விளக்கிலும் விசிறியிலும் கொடுத்தவர் பெயர் பளிங்கிற் பதிக்கப்பட்டது. இரண்டு காசு போட்ட விதவைக்கு எந்தச் சுவரிலே கல் பதிப்பது என்று எவரும் சிந்திக்கவில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் மூன்று நியாயங்களை முன்வைப்பர். முதலாவது, வறியவனும் ஒடுக்கப்பட்டவனும் முன்னேற்றத்தை நாடித் திருச்சபைக்கு வந்தது குற்றமா என்பது. குற்றமன்று. ஆனால் மானமும் அந்தஸ்தும் ஒன்றல்ல. சாதிக் கொடுமையால் நசுக்கப்பட்டவன் கேட்டது மனிதனாய் நிற்கும் உரிமையை. அது தேவசாயலிற் படைக்கப்பட்டவனின் பிறப்புரிமை. அந்தஸ்து என்பதோ பிறனொருவன் கீழே நிற்பதால் மட்டுமே விளங்குவது. அந்த வறியவன் உள்ளே வந்தபோது, வாங்கு உயர்ந்தோர்க்கும் பாய் தாழ்ந்தோர்க்கும் என்று வகுத்த சபையே மானத்தை மறுத்து அந்தஸ்தைக் காத்தது.

இரண்டாவது, செல்வமும் பதவியும் தேவ ஆசீர்வாதம் என்பது. அவ்வாறாயின் சிலுவையிலே கள்வர் நடுவே தொங்கியவரை எந்தக் கணக்கில் எழுதுவது? பவுல் தம் குலத்தையும் கோத்திரத்தையும் கல்வியையும் ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டி, கிறிஸ்துவின் பொருட்டு அவையனைத்தையும் குப்பையெனத் தள்ளினார். பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்லிருக்கை காட்டி, கந்தை உடுத்தவனை நிற்கவைக்கும் சபையை யாக்கோபு பெயர் சுட்டாமலே கண்டித்தார். அந்த நிருபம் மானிப்பாயின் முகவரிக்கும் உரியது.

மூன்றாவது, பதவியிலுள்ளோரால் சபைக்கும் சமூகத்துக்கும் நன்மை விளையும் என்பது. விளையலாம். கிறீனின் தமையன் தம் நகருக்குச் செய்த தொண்டு சிறிதன்று. பதவியைத் துறந்து அனைவரும் காட்டுக்குச் செல்லவேண்டுமென்று இங்கு வாதிக்கப்படவில்லை. பதவி கருவியாய் இருக்கலாம், அளவுகோலாய் இருத்தலாகாது. வைத்தியனாயிருப்பது பெருமையன்று, எவருக்கு, எங்கே, எந்த மொழியிலே வைத்தியனாயிருக்கின்றான் என்பதிலேயே அவன் விசுவாசம் வெளிப்படும். பட்டம் பெறுமுன்னரே விமானச்சீட்டைக் கனவுகாணும் மாணவ தலைமுறையும் இதனைத் தனக்குரிய வினாவாக ஏற்றல் வேண்டும்.

மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆண்டுதோறும் மாலையிடுவதாலோ அவர் உருவப்படத்தைச் சுவரில் மாட்டுவதாலோ அப்பெயருக்குரிய கடன் தீராது. திருச்சபைகள் செய்யத்தக்கவை எளியன. சீதனப் பேரம் நடந்த திருமணத்தை ஆடம்பரத்தோடு ஆசீர்வதியாதிருக்கட்டும். கொடுத்தவரின் பெயர்க்கல்லைப் பதியாது காணிக்கையை ஏற்கட்டும். சபை நிருவாகத்துக்கு ஒருவரைத் தெரியும்போது அவரது பதவியை நோக்காது அவரது அயலவரிடம் அவரைப்பற்றி விசாரிக்கட்டும். ஆண்டு விழாவில் வாசிக்கும் பட்டியலில், விசுவாசத்தின்பொருட்டு ஏதேனும் இழந்தவரின் பெயரை முதலில் வாசிக்கட்டும்.

அப்படி வாசிப்பதற்கு ஒரு பெயரேனும் கிடைக்காதுபோகுமாயின், அந்த மௌனமே அவ்விழாவின் உண்மையான அறிக்கையாக அமையும்.